டிக்கிக்குள் ஒரு பி.காம்.

காரின் டிக்கிக்குள் மனுஷன் படுத்திருப்பதை சினிமாவில் பார்த்திருப்பீர்கள். கையைக் காலைக் கட்டி, வாயில் துணி அடைத்து, தலைமாட்டில் ஸ்டெப்னி. நான் படுத்திருந்தபோது கட்டு எதுவும் இல்லை. வாயில் மட்டும் ஒரு டார்ச். கையில் ஊதாக் கலரில் ஒரு ஒயர். வெளியே என் அக்கா புருஷன் நின்றுகொண்டு அரை நிமிஷத்துக்கு ஒரு தரம், "எரியுதாடா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

எரியவில்லை.

இது 2023 அக்டோபரில், இங்கிலாந்தில், கவென்ட்ரி நகரத்தில், ஒரு வீட்டின் கார் ஷெட்டில் நடந்தது. ஷெட் என்றால் உள்ளே கார் நிற்கலாம். கதவைத் திறந்து இறங்கத்தான் முடியாது. அந்த சைஸ். அதற்குள் மூன்று வருஷமாக ஒரு கார் பிறந்துகொண்டிருந்தது.

'பிறந்து' என்று தெரிந்துதான் எழுதுகிறேன். அது கடையில் சாவி வாங்கி ஓட்டி வருகிற கார் இல்லை. கிட் கார். சேஸ் தனியாக வரும். பாடி தனியாக வரும். நட்டு, போல்ட், பிரேக் குழாய், ஒயர் எல்லாம் அட்டைப் பெட்டிகளில் வரும். எஞ்சினை நீங்களே ஏதாவது பழைய காரிலிருந்து கழற்றிக்கொள்ள வேண்டும். மாமா ஒரு காயலான் கடை ரோவர் காரிலிருந்து எட்டு சிலிண்டர் எஞ்சின் ஒன்றைக் கழற்றி வந்திருந்தார். ரெடிமேட் சட்டை வாங்காமல் துணி எடுத்துத் தைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். இது பஞ்சு வாங்கி வந்து வேட்டி நெய்கிற கதை.

ஏன் இந்த வம்பு என்று கேட்டேன். மாமா சி.ஏ. அதனால் பதிலை வரியிலிருந்து ஆரம்பித்தார். அந்தக் காலத்தில் அங்கே புது கார் வாங்கினால் 'பர்சேஸ் டாக்ஸ்' என்று ஒன்று தீட்டிவிடுவார்களாம். அதையே துண்டு துண்டாக வாங்கினால் வரி கிடையாது. லோட்டஸ் கம்பெனி 1957-ல் கொண்டுவந்த 'செவன்' என்ற குட்டி கார் அப்படித்தான் நிறைய விற்றது. துண்டுகளோடு 'பூட்டுவது எப்படி' என்று புத்தகம் கொடுத்தால் வரி விழும் என்பதால், 'கழற்றுவது எப்படி' என்று புத்தகம் கொடுத்தார்கள் என்றும், வாங்கினவர்கள் அதைக் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தார்கள் என்றும் ஒரு கதை உண்டு. பி.காம். படித்த எனக்கு இதைக் கேட்டு மயிர்க்கூச்செறிந்தது. வரி ஏய்ப்புக்கும் வரித் தவிர்ப்புக்கும் வித்தியாசம் என்ன என்று மூன்று வருஷம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஒரே ஒரு கார் புத்தகத்தில் முடித்துவிட்டான்! 1973-ல் வாட் வந்து இந்தச் சலுகை செத்துப்போயிற்று. பித்து மட்டும் நின்றுவிட்டது.

மாமா கட்டிக்கொண்டிருந்தது கோப்ரா. ஒரிஜினல் கோப்ரா 1962-ல் வந்தது. ஆங்கிலேயன் செய்த ஏ.ஸி. காருக்குள் கரோல் ஷெல்பி என்ற அமெரிக்க ரேஸ்காரர் ஃபோர்டு எஞ்சினைத் தூக்கி வைத்தார். 'கோப்ரா' என்ற பேர் கனவில் வந்ததாகச் சொல்லிக்கொண்டார். கனவில் பாம்பு வந்தால் நாமெல்லாம் காளஹஸ்திக்குப் பஸ் ஏறுவோம். அவர் கார் செய்தார். அந்த முதல் கார் 2016-ல் ஏலத்தில் 1 கோடியே 37½ லட்சம் டாலருக்குப் போனது. அதனால் மிச்ச ஜனங்கள் ஃபைபர் கிளாஸில் நகல் கட்டிக்கொள்கிறார்கள். (ஃபைபர் கிளாஸ் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்துக்கொள்ளவில்லை.)

மாமாவுக்கு ஷெல்பி மீது பக்தி வரக் காரணம் கார் மட்டும் இல்லை. ஷெல்பிக்கு இதயக் கோளாறு. 1960-ல் நாக்குக்கு அடியில் மாத்திரையை வைத்துக்கொண்டு ரேஸ் ஓட்டியிருக்கிறார். 1990-ல் இதயமே மாற்றி வைத்தார்கள். அதற்கப்புறமும் 2012 வரை, 89 வயசு வரை இருந்தார். மாமாவுக்கு அதற்கு முந்தின வருஷம்தான் இரண்டு ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். சட்டைப் பையில் நாக்குக்கு அடியில் அடித்துக்கொள்கிற ஸ்பிரே. ஷெட் சுவரில் முருகன் படம். பக்கத்தில் ஷெல்பி படம்.

அக்கா என்னைக் கூப்பிட்டது இதனால்தான். "ராத்திரி பதினோரு மணி வரைக்கும் அந்த ஷெட்லயே கிடக்கிறார்டா. குளிர். யார் சொன்னாலும் கேக்கலை. நீ வந்து கொஞ்ச நாள் கூட இரு. உனக்கென்ன ஆபீஸா?" ஃப்ரீலான்ஸ் எழுத்தாளனை அக்கா, தங்கை, பால்காரர் எல்லாரும் இப்படித்தான் கேட்கிறார்கள். டிக்கெட்டும் அவளே எடுத்துவிட்டதால் ரோஷப்படவில்லை.

போன பிறகுதான் பாதிக் கதை தெரிந்தது. கார் மாமாவுடையது மட்டும் இல்லை. பையனும் அவரும் சேர்ந்து ஆரம்பித்தது. பையனுக்கு அப்போது பதினெட்டு. எஞ்சினியரிங் சேர்ந்திருந்தான். இரண்டாவது வருஷத்தில் படிப்பை நிறுத்திவிட்டு பர்மிங்ஹாமில் ஒரு ஓட்டலில் சமையல் வேலைக்குப் போய்விட்டான். மாமா என்ன சொன்னார், அவன் என்ன சொன்னான் என்று அக்கா சொல்லவில்லை. எட்டு மாசமாகப் பேச்சு இல்லை. பர்மிங்ஹாம் அங்கிருந்து ரயிலில் அரை மணி நேரம்.

பையன் போகும்போது பாதியில் நின்றது பின்பக்க ஒயரிங். வலது பக்க லைட்டை அவன் முடித்திருந்தான். இடது பக்கத்தை மாமா தானே முடித்தார். டிக்கி லைட்டும், டிக்கி மூடியில் உட்காரும் நம்பர் பிளேட் லைட்டும் பாக்கி. அடுத்த வியாழக்கிழமை அரசாங்க டெஸ்ட்.

அந்த டெஸ்ட்டைப் பற்றி ஒரு வார்த்தை. நம்ம ஊரில் 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, ஆர்.சி. புத்தகத்தில் உள்ளதை மாற்றுகிற மாதிரி வண்டியில் கை வைக்கவே கூடாது. அங்கே வீட்டில் முழு காரையே கட்டலாம், ஆனால் 'ஐ.வி.ஏ.' என்ற பரீட்சைக்குக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். ஒயர் தொங்கக்கூடாது, 30 சென்டிமீட்டருக்கு ஒரு இடத்திலாவது பிடித்துக் கட்டியிருக்க வேண்டும். வெளியே எந்த முனையும் கூராக இருக்கக்கூடாது. (மாமா முதல் தடவை ஃபெயில், ஒரு போல்ட் தலையால். இரண்டாம் தடவை பாஸ்.) பழைய உறுப்புகள் எந்த வருஷத்தவை என்று சொல்ல முடியாத வண்டிக்கு 'க்யூ' என்ற எழுத்தில் நம்பர் கொடுப்பார்கள். அப்பன் பேர் தெரியாத காருக்கு அடையாளம்.

சரி, ஒயருக்கு வருவோம்.

பிரிட்டிஷ் கார் ஒயரிங்கில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு ஜாதகம் உண்டு. பிரவுன் என்றால் பாட்டரியிலிருந்து நேரே வருவது, எப்போதும் உயிரோடிருக்கும். ஊதாவும் அப்படியே, ஆனால் ஃப்யூஸ் வழியாக வரும். சாவியை எடுத்த பின்னும் எரிய வேண்டிய டிக்கி லைட்டுக்கு அதுதான். சிவப்பு, பின் லைட்டுக்கும் நம்பர் பிளேட்டுக்கும். பச்சையில் ஊதாக் கோடு போட்டால் பிரேக் லைட். கறுப்பு எர்த். இதில் தமிழனுக்கு ஒரு கண்ணி இருக்கிறது. நம் வீட்டு ஒயரிங்கில் பச்சைதான் எர்த், கறுப்பு நியூட்ரல். அங்கே காரில் பச்சை என்றால் கரண்ட். முதல் நாள் பச்சையை அப்பாவி என்று நினைத்துத் தொட்டு ஒரு ஃப்யூஸைக் காலி செய்தேன். "நீ ஒயரை மட்டும் இழு. யோசிக்கிற வேலை வேண்டாம்" என்றார் மாமா.

ஆனால் யோசிக்க வேண்டிய விஷயம் ஏற்கெனவே அந்த ஷெட்டில் பதினோரு நாளாக நடந்துகொண்டிருந்தது. லைட் ஸ்விட்சைப் போட்டால் பின்னால் இரண்டு லைட்டும் எரியும். இடது கொஞ்சம் மங்கல். பிரேக்கை மிதித்தால் வலது பக்கம் ஜோராகப் பளிச்சிடும். இடது பக்கம் அணைந்துவிடும்!

அணைகிற பிரேக் லைட்டை நான் அதுவரை பார்த்ததில்லை. மாமா பல்பை மாற்றினார். ஹோல்டரை மாற்றினார். பிரேக் ஸ்விட்சை மாற்றினார். அன்றைக்கு ராத்திரி சாப்பாட்டுக்கு வராமல் அதன் முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருந்தார். நான் டிரைவர் சீட்டில் இருந்து மிதிக்க வேண்டும். "மிதி... விடு... மிதி..." ஒரு கை சட்டைப் பையில் ஸ்பிரே மேல் இருந்தது. அக்கா சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பையனைக் கேக்கலாமே மாமா" என்றேன்.

"மிதி" என்றார்.

மறுநாள் என் வேலை டிக்கி. கோப்ராவின் டிக்கி பெயருக்குத்தான். ஒரு மூட்டை அரிசி வைத்தால் கூடவே புளி வைக்க இடமிருக்காது. அதற்குள் நாலு மணி நேரம் கிடந்தேன். ஒயரை டிக்கிக்குக் கொண்டுவருவது பெரிதில்லை. மூடிக்குக் கொண்டுபோவதில்தான் சூட்சுமம் இருக்கிறது. நம்பர் பிளேட் லைட் மூடியில் உட்கார்ந்திருக்கிறது. மூடி திறந்து திறந்து மூடும். கீல் இருக்கும் இடத்தில் ஒயர் மடங்கி மடங்கி நிமிரும். இழுத்துக் கட்டினால் ஒருநாள் உள்ளே செப்பு அறுந்துவிடும். வெளியே தோல் மட்டும் நல்ல பிள்ளையாக நிற்கும். அதிகம் விட்டால் மூடியில் நசுங்கும். ஒரு வளையம் விட்டு, ஓட்டையில் ரப்பர் புஷ் போட்டு, மேலே ஒரு ஸ்லீவும் போட வேண்டும். புஷ் இல்லாமல் ஃபைபர் ஓட்டையில் ஒயரை விட்டால் அது ரம்பம் மாதிரி அறுத்துவிடும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், சின்ன வயசில் மேற்கு மாம்பலத்தில் எங்கள் தெருமுனை ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் நின்று வேடிக்கை பார்த்தே வளர்ந்தவன். அம்பாஸடர் டாக்ஸிகளுக்கு அவர் ஒரு பல்பில் இரண்டு ஒயரைக் கட்டிக்கொண்டு வைத்தியம் பார்ப்பார். ஒரு ஒயர் கரண்டில். இன்னொன்றை எங்கே வேண்டுமானாலும் தொடுவார். பம்பர், கதவு, கீல்... "பாடிதான் தம்பி எர்த். ஒரு ஒயர் போதும், மிச்சம் பாடி பாத்துக்கும்."

அந்த குருவாக்கியத்தை நம்பி ஊதாவை லைட்டில் கொடுத்தேன். கறுப்பைக் கீல் போல்ட்டில் முறுக்கினேன். எரியவில்லை. மல்ட்டி மீட்டரின் ஒரு காலை பாட்டரி மைனஸில் வைத்து ஊதாவைத் தொட்டுப் பார்த்தால் 12 வோல்ட் ஜம்மென்று வருகிறது. பல்பைக் கழற்றி நேரே பாட்டரியில் வைத்தால் எரிகிறது. திரும்ப மாட்டினால் இல்லை.

"எரியுதாடா?"

"இல்ல மாமா."

ராத்திரி பதினோரு மணிக்கு மேல் பாத்ரூமில் உட்கார்ந்துகொண்டு பையனுக்கு வாட்ஸ்அப்பில் போன் போட்டேன். ஓட்டலில் அடுப்பு அணைக்கிற நேரம். பின்னால் பாத்திரங்கள் உருள்கிற சத்தம். அவனுக்கு நான் மாமா. எனக்கு அவன் அப்பா மாமா. எங்கள் குடும்பத்தில் மாமாக்களுக்குப் பஞ்சமே இல்லை.

விஷயத்தைச் சொன்னேன். ஒரே கேள்விதான் கேட்டான்.

"கறுப்பு ஒயர் எங்க போகுது மாமா?"

"பாடிக்கு."

கொஞ்ச நேரம் பாத்திரச் சத்தம் மட்டும் கேட்டது. அப்புறம் சிரிக்க ஆரம்பித்தான். "மாமா, அந்த பாடி ஃபைபர். பிளாஸ்டிக் பக்கெட்டுக்கு எர்த் கொடுத்திருக்கீங்க."

பி.காம். முதல் வருஷம் முதல் வகுப்பில் சொல்லிக்கொடுத்தார்கள், ஒவ்வொரு டெபிட்டுக்கும் ஒரு கிரெடிட் உண்டு என்று. கரண்ட் போனால் திரும்பி வர வேண்டும். நாங்கள் டெபிட்டைச் சரியாக எழுதிவிட்டுக் கிரெடிட்டை பக்கெட்டில் எழுதியிருக்கிறோம். இரண்டு பேரும் அக்கவுன்ட்ஸ் படித்தவர்கள். ஒருவர் சி.ஏ.

இடது லைட்டின் மர்மமும் அதிலேயே அவிழ்ந்தது. மாமாவும் கறுப்பைப் பாடியில்தான் முறுக்கியிருந்தார். அந்த பல்புக்குள் இரண்டு இழை, வாசல் ஒன்று. வாசல் அடைத்திருந்ததால் கரண்ட் பிரேக் இழை வழியாகக் கொல்லைப்புறம் புகுந்து, பிரேக் ஒயரைப் பிடித்துக்கொண்டு வலது லைட்டுக்குப் போய், அங்கே பையன் ஒழுங்காகப் போட்டிருந்த எர்த்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் மங்கலாகவாவது எரிந்தது. பிரேக்கை மிதித்தால் கொல்லைப்புறத்திலும் 12 வோல்ட் வந்து நிற்கும். முன்னாலும் பன்னிரண்டு, பின்னாலும் பன்னிரண்டு. கரண்ட் எந்தப் பக்கம் நகரும்? லைட் அவுட். எட்டு மாசமாக அப்பா போட்ட லைட், பிள்ளை போட்ட எர்த்தில் எரிந்துகொண்டிருந்திருக்கிறது.

"இன்னொண்ணு" என்றான். "வலது லைட்டுக்கு மேல, விளிம்புக்குள்ள கையை விட்டுப் பாருங்க. டிக்கிக்கு மூணு ஒயர் இழுத்து சுருட்டி வச்சிருக்கேன். சிவப்பு, ஊதா, கறுப்பு. கறுப்பு சேஸ் வரைக்கும் போகும். அப்பாகிட்ட சொல்லணும்னு நினைச்சேன்."

காலையில் கையை விட்டேன். இருந்தது. கேபிள் டை போட்டுக் கட்டி, நுனியில் வெள்ளை டேப் ஒட்டி, கிறுக்கல் எழுத்தில் 'டிக்கி'. மூன்று வருஷமாக அந்த ஷெட்டில் ஒவ்வொரு நட்டையும் தடவிப் பார்த்த மனுஷர் வலது பக்கத்தை மட்டும் எட்டு மாசமாகத் திறந்து பார்க்கவே இல்லை.

மாமா டேப்பைப் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"எர்த் சேஸுக்குப் போகணும் மாமா. ஃபைபர்ல கரண்ட் போகாது" என்றேன், இரவு முழுக்க நானே யோசித்த மாதிரி.

"உனக்கு இது தெரியாது. யார் சொன்னா?"

நான் ஸ்பானரைத் தேடுகிற மாதிரி குனிந்தேன். அவர் ஒரு பத்து நிமிஷம் ஒன்றும் பேசாமல் இடது லைட்டின் கறுப்பை அவிழ்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் ஒயரைப் பார்த்துக்கொண்டே, "சேஸ்ல எந்த போல்ட்டுன்னு கேளு" என்றார்.

எந்த போல்ட்டானாலும் பெயின்ட்டைச் சுரண்டிவிட்டு முறுக்கினால் போதும். அது அவருக்கும் தெரியும். போன் போட்டு என் செல்லை அவர் கையில் கொடுத்துவிட்டு, டீ குடிக்கிற சாக்கில் உள்ளே வந்துவிட்டேன். அக்கா டீ போடவே இல்லை. ஜன்னலண்டை நின்றிருந்தாள்.

அதற்கப்புறம் இரண்டு நாள் அப்பாவும் பிள்ளையும் போனில் பேசினார்கள். ஒயரைத் தவிர ஒரு வார்த்தை கிடையாது. இடது பக்கம் மிதித்தால் பளிச்சென்று எரிந்தது. நம்பர் பிளேட் எரிந்தது. டிக்கி லைட்டுக்கு மூடித் திறக்கிற ஸ்விட்சிலும் இதே தகராறு இருக்கும் என்று பையன் முன்கூட்டியே எச்சரித்தான். சாதா ஸ்விட்சுக்கு ஒரே ஒயர்தான் வரும், மறுபாதி அதன் உடம்பு வழியாகப் போகும்; ஃபைபரில் இரண்டு கால் உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். வாங்கினோம். எரிந்தது. மூடியைத் தூக்கினால் உள்ளே குட்டி வெளிச்சம். கருவறையில் விளக்கேற்றின மாதிரி மாமா பார்த்துக்கொண்டு நின்றார்.

அங்கேதான் சி.ஏ. மூளை விழித்துக்கொண்டது. "மூடினா அணையுதா?"

நியாயமான கேள்வி. 5 வாட் பல்ப் 12 வோல்ட்டில் அரை ஆம்பியருக்கும் குறைவாகத்தான் இழுக்கும். ஆனால் அணையாமல் இருந்தால், 50 ஆம்பியர்-அவர் பாட்டரியைக் கணக்குப்படி ஐந்தே நாளில் குடித்துவிடும். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் போக அதில் பாதி போதும். விரலால் ஸ்விட்சை அமுக்கினால் அணைந்தது. ஆனால் மூடி விரல் அளவுக்கு அமுக்குகிறதா?

"மீட்டர் வச்சு பாட்டரியில பாக்கலாம்ப்பா" என்றது ஸ்பீக்கரில் பையன் குரல்.

"ஸ்டாக் வெரிஃபிகேஷன்னா ஆள் குடோனுக்குள்ள போய்ப் பாத்துதான் கையெழுத்துப் போடணும்" என்றார் மாமா, என்னைப் பார்த்து.

செல்போனை உள்ளே வைத்து வீடியோ எடுக்கலாமே என்றால், அவர் செல் மாடியில் சார்ஜில் இருந்தது. என் செல் அவர் கையில், அதில் பையன். ஸ்டெப்னி இன்னும் வைக்கவில்லை. என் உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். முட்டியை மோவாய்க்குக் கொண்டுவந்து படுத்தேன். மூடி இறங்கியது. 'டக்'.

கும்மிருட்டு.

"அணைஞ்சிடுச்சு மாமா!" என்று கத்தினேன். ஃபைபரில் கரண்ட் போகாது. குரல் மட்டும் போகவா போகிறது? வெளிச் சத்தம்தான் உள்ளே மெலிசாகக் கேட்டது.

"அணைஞ்சுதாப்பா?"

"இரு, கேக்கறேன்..." என்றவர் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. அப்புறம், "நீ சாப்பிட்டியாடா?" என்றார்.

"இன்னும் இல்லப்பா. ஷிஃப்ட் முடியணும்."

தட்டுவதற்காகக் கையை மடக்கி மூடியருகில் கொண்டுபோயிருந்தேன். முட்டி வலித்தது. ரெஸின் நாற்றம் மூக்கில் ஏறியது. கையை அப்படியே வைத்துக்கொண்டேன்.

"இன்னிக்கு என்ன சமைச்சே?" என்று மாமா கேட்டார்.

பையன் சொல்ல ஆரம்பித்தான். அந்த ஓட்டலில் மெனு ரொம்ப நீளம் போலிருக்கிறது.